செருப்பு சுற்றி வரும் பாதை

புதுக்கோட்டையில் காலை நடைக்குக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் புதுக்குளத்தைச் சுற்றித்தான் நடப்பார்கள். நானும் நான்கு வருடம் சுற்றினேன். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், மருந்து பாதி நடை பாதி என்று சொல்லிவிட்டார். எனக்கோ நடை என்றாலே ஆகாது. நான் கண்ணாடிக் கடைக்காரன். நான் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஜனங்கள் வந்து, கிட்டத்தில் தெரியவில்லை, தூரத்தில் தெரியவில்லை என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவனை விடிகாலையில் கிளப்பி ஒரே குளத்தைத் தினமும் சுற்றச் சொன்னால் கோபம் வராதா? அதே ஆட்கள், அதே வணக்கம், அதே மூட்டுவலிப் பேச்சு.

அந்தக் கோபத்தில்தான் எங்கள் நடையர் மன்றக் கூட்டத்தில், "குளத்தைச் சுத்திச் சுத்தி எனக்குத் தலையே சுத்துது. நேராப் போற மாதிரி ஒரு பாதை பாருங்கய்யா" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்ட குற்றத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கல்லூரியில் புவியியல் நடத்தும் மோகனப்ரியா எங்கள் மன்றத்தில் உறுப்பினர். அவர் செல்போனில் வரைபடத்தை விரித்து, விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். புதுக்குளத்தில் தொடங்கி ஒரு பூங்கா, பூங்காவின் பின்வாசல் வழியாகக் கண்மாய்க் கரை, பிறகு தைலமரக் காடு, இன்னொரு கண்மாய், அதன் ஓரத்தில் ஒரு கோயில் காடு, முந்திரித் தோப்பு, கடைசியில் திருமயம் சாலையில் ஒரு டீக்கடை. மொத்தம் பன்னிரண்டு கிலோமீட்டர். லாரி இல்லை, ஹாரன் இல்லை. டீ குடித்துவிட்டுப் பஸ் ஏறினால் பத்தரை மணிக்குக் கடை திறந்துவிடலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று பேர் கிளம்பினோம். எல்லார் காலிலும் புது ஷூ. கண்மாய்க் கரையில் நாரை பார்த்தோம், தைலமரக் காட்டில் வழி தவறினோம், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சந்தோஷமாக ஏழாவது கிலோமீட்டரை எட்டினோம். வரைபடத்தில் வெறும் பச்சைப் புள்ளியாக இருந்த கோயில் காடு நேரில் இருட்டிக்கொண்டு நின்றது. வீரை, பாலை, காசா மரங்கள் பின்னிப் பிணைந்த காடு. நடுவில் அய்யனார் கோயில். அதன் வடக்கு வாசலில் பூசாரி வீரய்யா உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"போங்க, தாராளமாப் போங்க. காலுல கெடக்குறது மட்டும் இங்கிட்டே கெடக்கட்டும்" என்றார்.

"நாங்க தெக்கே வெளியேறணுங்க. திரும்பி இந்த வழியா வர மாட்டோம்."

"அது ஒங்க பாடு."

"கையில எடுத்துக்கிட்டுப் போறோமே?"

"கையிலயும் ஆகாது."

"பைக்குள்ள வச்சுக்கிட்டா?"

"ஏன், அய்யனாருக்குப் பை தெரியாதா?"

ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. சாமி கும்பிடப் போகிறவர் வந்த வழியே திரும்புவார். செருப்பும் போட்ட இடத்தில் இருக்கும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வேண்டும் என்று நினைத்த முதல் ஆட்கள் நாங்கள்தான். வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடந்த பரம்பரை என்னுடையது. ஆனாலும் இன்னாசி மகன் இன்னாசியாகிய நான், அந்தச் செம்மண் சரளையில் மிச்சம் ஐந்து கிலோமீட்டரை வெறுங்காலில் நடக்கத் தயாராக இல்லை. பைபாஸ் ஓரமாகவே போய்விடலாம் என்று நாலு பேர் முனகத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எதிரே இலுப்பை மரத்தடிக் கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "நீங்க நடங்க. செருப்பை நான் சுத்திக் கொண்டாந்து தாரேன்."

அதுதான் செல்வராணி. தகரக் கொட்டகை போட்ட சின்னக் கடை. ரீசார்ஜ், ஜெராக்ஸ், மோர். கடைக்குப் பக்கத்தில், பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய ஸ்கூட்டர் நின்றது. காட்டுக்குள் குறுக்கே போனால் அரைக் கிலோமீட்டர். கண்மாயைச் சுற்றி வண்டிப் பாதையில் போனால் இரண்டரை. எங்கள் இருபத்து மூன்று ஜோடியையும் இரண்டு உரச் சாக்கில் அள்ளி முன்னால் ஒன்று பின்னால் ஒன்று கட்டிக்கொண்டு, நாங்கள் தெற்கே வெளியே வரும்போது அங்கிருந்த கண்மாய் மடைக்கல்லின் மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

செல்வராணிக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் இடது காலை எடுத்துக்கொண்டது. கொத்தனார் வேலை பார்த்த அப்பா, சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் திருமயம் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தார். ப்ளஸ் டூ முடித்ததும் எஸ்.டி.டி. பூத் வைக்க அனுமதி கிடைத்தது. அப்போது அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூத் வாசலில் கூட்டம் நெரியும். சண்டை வராமல் இருக்கப் புதுக்கோட்டையிலிருந்து நீல நிறத்தில் வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் ஐம்பது வாங்கி வந்து, நம்பர் எழுதி, வரிசைப்படி பேச விட்டார். செல்போன் வந்து பூத்தை மூடியதும் டோக்கன்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயின. எங்கள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவை வெளியே வந்தன. ஜோடிக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு டோக்கன். டோக்கன் இல்லையென்றால் செருப்பு இல்லை. தொலைத்தவர் அடையாளம் சொல்ல வேண்டும். மன்றத் தலைவரே ஒரு தடவை டோக்கனைத் தொலைத்துவிட்டு, தன் ஷூவின் கிழிசலை எல்லார் முன்னாலும் விவரித்துத்தான் வாங்கினார்.

வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று ஒரு உறுப்பினர் கேட்டதற்கு, "வரிசையில வரச் சொன்னேன், டோக்கன் வாங்க ஒருத்தரும் வரலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைத் தூக்கினார். எல்லாவற்றையும் பேசுவார், ஒன்றைத் தவிர. அவர் இடது காலில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் இருந்தது. சேலையைத் தாழ இறக்கிக் கட்டி அதை மறைத்திருப்பார். ஒரு தடவை நான் அக்கறையாகக் கேட்பதாக நினைத்து, "இது எங்க செஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். "கண்ணாடிக்காரருக்குக் கண்ணு முகத்துல இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு நான் கீழே பார்த்ததே இல்லை.

அந்தப் பூட்ஸும் காலணிதான். அதனால் காட்டுக்கு எதிரிலேயே கடை வைத்திருந்தும், வளர்ந்த பிறகு செல்வராணி உள்ளே போனதில்லை. சின்ன வயதில் அப்பா தோளில் தூக்கிப் போனது மங்கலாக ஞாபகம், அவ்வளவுதான். பூட்ஸைக் கழற்றிவிட்டால் வீட்டுக்குள் தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பார். காட்டுக்குள் நடப்பது சிரமம். வெட்டவெளியில் நாலு பேர் பார்க்க அதைக் கழற்றுவது அவருக்கு அதைவிடச் சிரமம்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போயிற்று. மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகூட வண்டி நின்றதில்லை. சாக்குக்கு மேல் பாலிதீன் போர்த்திக்கொண்டு, தான் நனைந்து எங்கள் செருப்பை நனையாமல் கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? ஒரு வாரம் நாங்க பைபாஸ்ல போனா என்ன?" என்றேன்.

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "அண்ணே, பொறந்ததுலேர்ந்து எல்லாரும் எனக்குத்தான் தூக்கிட்டு வந்து குடுத்திருக்காங்க. தண்ணி தூக்கிக் குடுத்தாங்க, புத்தகப் பையத் தூக்கிக் குடுத்தாங்க, என்னையே தூக்கிட்டுப் போனாங்க. நான் அடுத்தவுகளுக்குத் தூக்கிட்டுப் போய்க் குடுக்குறது இது ஒண்ணுதான். பைபாஸ் கிய்பாஸ்னு வாயில வந்துச்சு, ஒங்க ஷூவைக் கண்மாயில போட்டுருவேன்."

இந்த வைகாசியில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பாதையை மாவட்டத்தின் நடைபாதையாக அறிவித்து, கிலோமீட்டருக்கு ஒரு பலகை நடலாமா என்று பார்க்க ஒரு அதிகாரி அம்மா எங்களோடு நடந்து வருவார் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்கள். கோயில் காட்டைத் தவிர்த்துப் பைபாஸ் வழியாகப் போட்டால் பொதுமக்களுக்கு வசதியாக இருக்காதா? செல்வராணியிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி இரண்டு தடவை தானும் படித்தார். "வரட்டும். ஒரு ஜோடி மாறாமக் குடுத்துக் காட்டுறேன்" என்றார்.

அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "ஆபீசரம்மாகூட வேன் நெறைய ஆளு வருவாங்க. அவங்ககிட்டப் போய் டோக்கன் அது இதுன்னு கறார் பேசாதீங்க. கேக்காமத் தூக்கி வச்சிருங்க" என்று முதல் நாள் போன் பண்ணிச் சொன்னேன். செயலாளர் அல்லவா?

அதிகாரி அம்மா வேனில் வரவில்லை. ஜீப்பில் இரண்டே உதவியாளர்களோடு புதுக்குளத்துக்கு வந்து, எங்களோடு முதல் கிலோமீட்டரிலிருந்தே நடந்தார். வேகமாகவும் நடந்தார். ஏழரை மணிக்குக் காட்டு வாசலை அடைந்தபோது அங்கே ஒரு வேனும், இலுப்பை மரத்தடியில் செருப்புக் குவியலும் இருந்தன. நான் கவனிக்கவில்லை. அதிகாரி அம்மாவுக்கு மண்குதிரைகளைக் காட்டும் அவசரத்தில் ஷூவைப் போட்டு டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். அந்த அம்மா நிதானமாக நின்று, ஷூவைக் கழற்றி, ஒழுங்காக டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே கோயிலில் ஒரு குடும்பம் காதுகுத்துக்கு வந்திருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் சனம், குலசாமிக்கு வந்திருக்கிறது. மேளம், பொங்கல் அடுப்பு, பட்டுப் பாவாடைகள். எங்களுக்குப் பானகம் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தெற்கே நடந்தோம். அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றதைப் பார்த்தும், அவர்கள் செருப்பு எங்கே என்று என் மூளைக்குத் தோன்றவில்லை. முப்பது வருடமாக ஊருக்குக் கண் பரிசோதிக்கிறவன் நான்.

தெற்கு வாசலில் செல்வராணி வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். மடைக்கல் நிரம்பி, தரையிலும் செருப்பு. "ரெண்டு நடை அடிச்சேன்ணே. வேன் டிரைவர் தம்பியும் சாக்குல அள்ளிப் போட்டுச்சு. நல்ல புள்ளை" என்றார் மூச்சு வாங்க. டோக்கன்களை வாங்கி, எங்கள் ஜோடிகளை ஒன்று விடாமல் கொடுத்தார். அதிகாரி அம்மா தன் ஷூவை மாட்டிக்கொண்டே, "பிரமாதமான ஏற்பாடு" என்றார். செல்வராணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கே பலகை நட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"மிச்ச ஆபீசர்மாரு எங்கண்ணே? இம்புட்டுக் கெடக்கே" என்றார் செல்வராணி.

"எந்த ஆபீசர்? அம்மாகூட ரெண்டே பேருதான்."

"அப்ப வேன்ல வந்தது? நான் கடை தெறக்குறதுக்கு முந்தியே உள்ள போயிட்டாக, மொகத்தைப் பாக்கலையே."

இருவரும் குவியலைப் பார்த்தோம். நாற்பது ஜோடி இருக்கும். ஜிகினா வைத்த செருப்பு, ரப்பர் செருப்பு, மினுமினுக்கும் கறுப்பு ஷூ. எல்லாவற்றுக்கும் மேலே, மிதித்தால் பீப்பீ என்று கத்துகிற குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. அதிகாரிகள் பீப்பீ செருப்பு போடுவதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காட்டுக்குள்ளிருந்து மேளச் சத்தம் கேட்டது.

செல்வராணி ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. "மூட்டை கட்ட நேரமில்லண்ணே. நான் சுத்தி வடக்கே போறேன். செருப்பும் இல்லாம ஆளும் இல்லாமக் கெடந்தா களவுன்னுதான் நெனைப்பாங்க. நீங்க குறுக்க ஓடி விசயத்தைச் சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பினார். நான் மாட்டிய ஷூவைத் திரும்பக் கழற்றி எறிந்துவிட்டுக் காட்டுக்குள் ஓடினேன். என் ஐம்பத்தாறு வயதில் அதுதான் நான் ஓடிய அதிகபட்சத் தூரம்.

நான் போய்ச் சேர்வதற்குள் விஷயம் முற்றிவிட்டது. குழந்தையின் தாய்மாமன் சந்தோஷ்குமார், முப்பது வயதுப் பையன், வேனில் இருந்த சீர்த் தட்டை எடுக்க வடக்கு வாசலுக்குப் போயிருக்கிறான். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். நாற்பது ஜோடியில் ஒன்றுகூட இல்லை. மேளம் நின்றிருந்தது. "நடக்குறோம், நடக்குறோம்னு வந்தானுங்களே, அவனுங்க வேலைதான்" என்று அவன் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், மூச்சிரைக்க நான் போய் நின்று, "செருப்பு…" என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

என் பனியன் மார்பில் 'நடையர் மன்றம், செயலாளர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. சந்தோஷ்குமார் அதைப் படித்துவிட்டு அந்தக் கழுத்துப் பட்டியையே பிடித்தான். செல்வராணி பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்காமல் தூக்கச் சொன்னது நான்தானே. "தப்பு என்னோடதுதான்" என்றேன். அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் போலீசுக்குப் போன் போடத் தயாரானார்கள். பூசாரி வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒங்கள உள்ள விட்டது எந் தப்பு. சாமி வாசல்ல சத்தம், சண்டை. இனி இந்தப் பக்கம் ஒருத்தரும் நடக்கக் கூடாது. இன்னைக்கே முள்ளு வெட்டிப் போடுறேன்."

எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. போலீசை நினைத்து இல்லை. செல்வராணியிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று நினைத்துத்தான்.

அந்த நேரத்தில் வடக்கே பார்த்து நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நானும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். மண்குதிரை வரிசைக்கு நடுவே செல்வராணி வந்துகொண்டிருந்தார். இடது கையால் இடது தொடையை அழுத்தி, ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்து, சேலை ஓரம் புழுதியாக, வெறுங்காலில். வாசலில் காத்திருந்தும் யாரும் வரவில்லை. உள்ளே கூச்சல் கேட்டிருக்கிறது. நாலு வாரையும் அவிழ்த்துப் பூட்ஸை மரத்தடியில் வைத்துவிட்டு நடந்தே வந்துவிட்டார்.

"அவரை விடுங்க, அவரு சுகர்காரரு. செருப்பைத் தூக்கினது நான்" என்றார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "களவு இல்ல. நடக்குறவுக செருப்புன்னு நெனைச்சு சுத்திக் கொண்டு போய்த் தெக்கே வச்சிருக்கேன். ஒரு ஜோடி கொறையாது. வந்து எண்ணிப் பாருங்க."

பிறகு பூசாரியைப் பார்த்தார். "அய்யா, தப்பு என்னுது. பாதையை அடைச்சிராதீங்க."

வீரய்யா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடந்தா வந்த?"

"பின்ன பறந்தா வந்தேன்?"

யாரோ சிரித்தார்கள். குழந்தையின் அம்மாதான் என்று நினைக்கிறேன். "செருப்பு எங்கயும் போகலையில்ல? நல்ல நேரம் போகுது. சந்தோசு, அந்த மனுசனை விட்டுட்டு வந்து உக்காரு" என்று தம்பியை அதட்டினார். அவன் என் பனியனை விட்டுவிட்டு, சுருக்கத்தையும் நீவிவிட்டான். மாமன் மடியில் குழந்தையை வைத்தார்கள். குத்தினார்கள். அது போட்ட கத்தலில் மரத்து மேலிருந்த பறவைகள் எல்லாம் கிளம்பின. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

செல்வராணி ஒரு குதிரையின் பீடத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தார். வெயில் ஒரு சொட்டு இறங்காத அடர்த்தி. "உள்ள இம்புட்டுக் குளுகுளுன்னா இருக்கும்? இத்தனை வருசம் எதுத்தாப்புல உக்காந்து வெந்துருக்கேனே" என்று என்னிடம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு நாற்பது பேரும் தெற்கே கிளம்பினோம். முன்னால் மேளம், பின்னால் காது சிவந்த குழந்தை, கூடவே செல்வராணி. மேளக்காரர் அவர் நடைக்குத் தக்கபடி அடியைத் தளர்த்திக்கொண்டார். தெரிந்து செய்தாரா என்று தெரியாது. அரைக் கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் அவரை முந்திப் போகவில்லை.

வெளியே காத்திருந்த எங்கள் ஆட்களுக்கும் அதிகாரி அம்மாவுக்கும் இலை போட்டுப் பொங்கல் வைத்தார்கள். செல்வராணி மடைக்கல்லில் ஏறி உட்கார்ந்ததும் பழைய ஆளாகிவிட்டார். "ஒங்க யாருகிட்டயும் டோக்கன் கெடையாது. அதனால அடையாளம் சொல்லித்தான் வாங்கணும்."

முதல் ஆளாக சந்தோஷ்குமார் வந்தான். "அக்கா, அந்தக் கறுப்பு ஷூ."

"கறுப்புல ஏழு ஜோடி கெடக்கு. எல்லாக் கறுப்பும் ஒண்ணா? சரியாச் சொல்லுங்க."

"புதுசு…"

"புதுசுலயும் மூணு கெடக்கு."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சைஸ் பெருசு. நுனியில பேப்பர் அடைச்சிருக்கும்." சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வராணி பேப்பரை வெளியே எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் கொடுத்தார். என் பனியனுக்கு நியாயம் கிடைத்தது.

நாற்பது ஜோடியும் அப்படியே பட்டுவாடா ஆயிற்று. அதிகாரி அம்மா இலையை மடித்துவிட்டு என்னிடம் வந்தார். "இந்தக் காட்டை விட்டுட்டுப் பாதை போட்டா அது எதுக்கு சார்? பலகை இங்கேயும் வரும்" என்றார். வீரய்யா தெற்கு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முள் வெட்டிப் போடுவதாகச் சொன்னவர், "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வருவீக?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாரும் கிளம்பத் தயாராகியும் செல்வராணி மடைக்கல்லை விட்டு இறங்கவில்லை. பக்கத்தில் போனேன்.

"அண்ணே, வண்டி வடக்கே நிக்குது" என்றார் மெதுவாக. பிறகு, "அதுவும் அங்கிட்டுத்தான் கெடக்கு" என்றார்.

மறுபடி காட்டைக் கடந்து போகிற தெம்பு அவர் முகத்தில் இல்லை. யாரிடமாவது எடுத்து வரச் சொல்லவும் வாய் வரவில்லை. நான் போகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் கண்மாய்க் கரையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சந்தோஷ்குமார்! எப்போது காட்டுக்குள் திரும்பிப் போனானோ, நாங்கள் பார்க்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்திருக்கிறது. கூடுதல் சக்கரப் பழக்கம் இல்லாமல் வளைவில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, வண்டி சாயாமல் இவன் மட்டும் விழப் பார்த்து, ஒருவழியாக வந்து நிறுத்தினான். கால் வைக்கிற இடத்தில் பூட்ஸ் இருந்தது. மாமன் சீராக வந்த புதுத் துண்டை விரித்து அதன் மேல் வைத்திருந்தான்.

எடுத்து வந்தான். செல்வராணி கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"டோக்கன்?"

கீழே பார்த்ததற்கே என்னை வறுத்தெடுத்தவர் அவர்.

"டோக்கன் இல்லை" என்றார் செல்வராணி.

"அப்ப அடையாளம் சொல்லுங்கக்கா. நீங்க போட்ட சட்டம்தானே?"

செல்வராணி அவனைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சேலைக் கரையைக் கொஞ்சம் ஒதுக்கி, புழுதி படிந்த காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டார்.

"கறுப்பு. எடது காலு. குதிகால் ரெண்டு இஞ்சு ஒசரம். ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டிக்கிட்ட ஒரு பூட்டு. நாலு வாரு. மேல உள்ள வாரு மட்டும் புதுசு, போன தையில மாத்தினது." குரல் ஏறிக்கொண்டே போயிற்று; பூத்தில் சிங்கப்பூர் லைனுக்குப் பேசுகிற மாதிரி ஊருக்கே கேட்டது. "ஜோடி கெடையாது. ஒத்தைதான். போதுமா?"

சந்தோஷ்குமார் உடனே தலையாட்டவில்லை. பூட்ஸைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தான், கம்பியைத் தட்டினான், பூட்டைத் திறந்து மூடினான், வாரை எண்ணினான்.

"சரியாத்தான்க்கா இருக்கு. எடுத்துக்கங்க" என்று அவர் காலருகே வைத்தான்.

செல்வராணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவசரமே இல்லாமல், நாலு வாரையும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.